கோட்டையும் உறுதியும்

சென்ற மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வேலணையில் என்னிடம் தமிழ் பயிலும் மாணாக்கர் பதினொருவரை அழைத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்குச் சென்றேன். இரண்டும் ஒரே தீவின் ஊர்கள். இருந்தும் அவர்களுள் நால்வர் அத்துறையில் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை என்றனர். அது அவர்கள் குற்றமன்று. அழைத்துச் செல்லாத நம் குற்றம்.

கரையில் நின்றால் காரைநகருக்கு இடைப்பட்ட நீரில் கடற்கோட்டை தெரியும். பறங்கியர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளே குடிநீர் அற்றுப்போகவே பணிந்தது. வென்றவர்கள் அதற்கு ஹமென்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதிகால் என்பது பொருள். இலங்கைப் படம் அவர்கள் கண்ணுக்கு அப்படித் தோன்றிற்றாம்!

ஒல்லாந்தர் என்று பொதுப்படச் சொல்லுகிறோம். அவர்களுடைய கம்பெனிப் படையில் ஜெர்மானியரும் பலர் இருந்தனர். எவராயினும், தாய்நாட்டு நினைவாகத் தீவுகளுக்கெல்லாம் பெயர் சூட்டினார்கள். வேலணை லெயிடன் ஆயிற்று, காரைநகர் அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றுள் கடைசிப் பெயர் ஒன்றே ஓரளவு நிலைத்தது. தம்மை லெயிடன்காரர் என்று சொல்லிக்கொண்ட வேலணையார் எவரையும் நான் கண்டதில்லை.

“அப்படியென்றால் ஐயா, அவர்கள் விட்டுப் போனது இந்தக் கோட்டை மட்டுந்தானோ?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

காண வருவோர் யாவரும் அப்படித்தான் எண்ணுகின்றனர். கோட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகின்றனர். என் கருத்து வேறு. அந்நியர் நம் வாழ்வில் பதித்த தடம் கல்லில் இல்லை, கடதாசியில் இருக்கிறது. கந்தோர் என்கிறோம், தோம்பு என்கிறோம், நொத்தாரிசு என்கிறோம். இவை எந்த நிகண்டிலிருந்து வந்தவை? எல்லாவற்றிலும் பெரிது தேசவழமை. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி நம் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் ஒப்புதலைப் பெற்றது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று நம் காணிகள் இன்றும் பிரிபடுவது அவ்வேட்டின் வழியே.

அவ்வேட்டை அனாதியான முன்னோர் வாக்காகப் போற்றுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வழக்கம் என்பது ஊருக்கு ஊர் நெகிழ்வது. அந்நியன் தன் நீதிமன்றத்தின் வசதிக்காக அதை எழுதியபோது அது உறைந்துவிட்டது. சரி பார்த்தவர்களும் பன்னிரு பெரிய மனிதர்களே. பெண் ஒருத்தியின் வாய்மொழி அதில் ஏறவில்லை. தம் பெயரில் சீதனக் காணி உடைய பெண்களை அச்சட்டம் காத்தது என்பதை மறுக்கமாட்டேன். அது சிறு நன்மையன்று. ஆனால் அவ்வழியில் ஆங்கிலேயர் காலத்தில் வந்த 1911ஆம் ஆண்டுச் சட்டம், மணமான பெண் தன் காணியை விற்கவும் கொடுக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. 2009இல் போர் முடிந்தபின், கணவன் இருக்கிறானோ இல்லையோ என்று அறியாத பெண்கள் தம் சொந்த நிலத்துக்காகக் கோட்டுப் படி ஏற வேண்டியதாயிற்று. கோட்டையின் அழகை வருணிக்கும் எழுத்தாளர்கள் இதைப்பற்றி ஒரு வரி எழுதினாலென்ன?

ஒல்லாந்தருக்கு ஐந்நூறு ஆண்டு முன்னரே இத்துறைக்குச் சட்டம் எழுதியவன் உண்டு. முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டாரைக் காக்கச் சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; வாணிபச் சரக்காயின் சரிபாதி. அரசன் பங்கு கேட்கத் தவறவில்லை. ஆயினும் கரையொதுங்கிய அந்நியனுக்கும் உரிமை உண்டு என்று கல்லில் வெட்டியிருக்கிறான். கல்வெட்டைப் பற்றிச் சொன்னபோதுதான் பிள்ளைகள் கோட்டையிலிருந்து கண்ணை எடுத்தார்கள்.

திரும்பும் வழியில் அதே மாணவி, தன் அம்மம்மாவின் சீதன உறுதி வீட்டுப் பெட்டகத்தில் இருப்பதாகச் சொன்னாள். திங்கட்கிழமை கொண்டுவந்தாள். வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்தேன். நாலு பக்கத்து எல்லைகளையும், அவ்வெல்லைகளுக்கு உரியோரின் பெயர்களையும் வாசித்து முடிப்பதற்கே ஒரு பாடவேளை சென்றது.