முத்து மாதிரி ஒரு கண்

தூத்துக்குடிக்கு முத்து என்றால் பெருமைதான் (கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது, முத்துநகர் என்ற பெயர் மட்டும் மிச்சம்!). ஆனால் ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் கருமணி முத்து மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால்...? ரெட்டினோபிளாஸ்டோமாவாக இருக்கலாம். விழித்திரையில் வரும் புற்றுநோய். உடனே டாக்டரிடம் காட்டணும்.

1971-ல் அமெரிக்க டாக்டர் நட்சன் வெறும் 48 நோயாளிகளை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னார்: ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் கெட்டால்தான் கட்டி வரும், சில குழந்தைகள் ஒன்று கெட்டே பிறக்கிறார்கள். அந்த ஜீன்தான் ஆர்பி1. இந்தக் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் எலும்பிலும் கட்டி வரலாம். அதனால் வருடக்கணக்கில் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்கணும்.

மதுரை அரவிந்திலேயே இந்த ஜீன் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பக்கம்தானே என்று சொல்லிவிடலாம். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மதுரை போய் வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் சார்ஜ் தனி. அப்புறம் "ஃபாலோ-அப்புக்கு வரவில்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதுவது ரொம்ப சுலபம்! எந்த ஆராய்ச்சியாக இருந்தாலும் சரி, மெஷினுக்குப் பணம் ஒதுக்கும்போது அந்தக் கூலிக்கும் பட்ஜெட்டில் இடம் கொடுங்கள் சார். தம்பி தங்கைக்கு ரத்தப் பரிசோதனையும் இலவசமாகச் செய்யுங்கள். அண்ணனிடம் கண்டுபிடித்த அந்தப் பழுது தங்கையிடம் இல்லை என்று தெரிந்தால், அவளை மயக்க மருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.