கூடுதல் பிக்ஸலுக்குக் கொடுக்கும் பணம்

தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் எந்த டிவி கடைக்குள் நுழைந்தாலும் இரண்டு கேள்விகள் வரும். ‘எத்தனை இஞ்ச் சார்?’ என்பது முதலாவது. ‘ஃபுல் எச்டி போதுமா, 4கே எடுத்துக்கிறீங்களா?’ என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்போம். இரண்டாவதில் தடுமாறி, ‘இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடணுமே’ என்று கூடுதல் விலையைக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பணம் சில வீடுகளில் பலன் தருகிறது. பல வீடுகளில் தருவதில்லை. நம் வீடு எந்த வகை என்பதைக் கடைக்குப் போகும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

கணக்குக்கு அடிப்படை பிக்ஸல், அதாவது திரையில் படத்தை உண்டாக்கும் மிகச் சிறிய புள்ளி. எஸ்டி எனப்படும் சாதாரண ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு அகலத்தில் 720, உயரத்தில் 576 என்று சுமார் 4.15 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி 1920-க்கு 1080, அது 20.7 லட்சம், எஸ்டியைப் போல் 5 மடங்கு. 4கே 3840-க்கு 2160. அது 83 லட்சம், 20 மடங்கு. 8கே 3.3 கோடி, 80 மடங்கு. 32 இஞ்சில் ‘எச்டி ரெடி’ என்று விற்பது வெறும் 10.5 லட்சம்.

ஆனால் புள்ளி 20 மடங்கு கூடினால் தெளிவும் 20 மடங்கு கூடிவிடாது. கண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு. கண் மருத்துவர் 6/6 என்று எழுதிக்கொடுக்கும் நல்ல பார்வை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும். அதைவிட நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். திரை சிறிதாக ஆக, அல்லது நாம் தள்ளிப் போகப் போக, புள்ளிகள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். 2006-ல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய கலர் டிவி 14 இஞ்ச். அதில் வந்தது எஸ்டி தரப் படம்தான். ஆறடி தள்ளி உட்கார்ந்தால் அதில் குறை கண்ணில் தட்டுப்படாது. அதே எஸ்டி படத்தை 55 இஞ்ச் திரையில், அதே ஆறடியில் பார்த்தால் முகத்தின் ஓரங்கள் கலங்கித் தெரிகின்றன. படம் மாறவில்லை; அளவும் தூரமும்தான் மாறியிருக்கின்றன.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது இஞ்ச் டேப். டிவி மாட்டப்போகும் சுவரிலிருந்து, எதிரே சோபாவில் சாய்ந்திருப்பவரின் கண் வரை அளந்துகொள்ளுங்கள். முடிச்சூர், சேலையூர், பெருங்களத்தூர் பக்கத்து இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுகளின் ஹாலில் இது பெரும்பாலும் 8 முதல் 10 அடிக்குள் இருக்கும். மேலே சொன்ன 6/6 பார்வைக் கணக்குப்படி, 43 இஞ்ச் ஃபுல் எச்டி டிவியில் தனிப் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடியிலேயே மறைந்துவிடும். 55 இஞ்சில் 7 அடி, 65 இஞ்சில் எட்டரை அடி. இந்தத் தூரத்துக்குள் உட்கார்பவருக்கு 4கே-யில் வித்தியாசம் தெரியும். வெளியே உட்கார்பவருக்குத் தெரியாது.

இந்தக் கணக்கு சற்றுக் கறாரானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2025 அக்டோபரில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியானது. ஒரு பாகைக்குள் 60 பிக்ஸல் அல்ல, 94 வரை கண்ணால் பிரித்தறிய முடிகிறது என்றது அந்த ஆய்வு. அப்படிப் பார்த்தால் 43 இஞ்சின் எல்லை எட்டே முக்கால் அடிக்கும், 55 இஞ்சின் எல்லை 11 அடிக்கும் தள்ளிப்போகிறது. ஆனால் அது கறுப்பு வெள்ளைக் கோடுகளை உற்றுப் பார்த்தபோது கிடைத்த உச்ச வரம்பு. சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி சீரியல் பார்ப்பவருக்குப் பொருந்தாது. 44 இஞ்ச் திரையை இரண்டரை மீட்டரில், அதாவது எட்டடிக்குச் சற்று மேல் வைத்துப் பார்த்தால், ஃபுல் எச்டிக்கும் 4கே-க்கும் நடுவில் உள்ள கியூஎச்டியைவிட 4கே-யும் 8கே-யும் எந்த நன்மையும் தராது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.

இதை நம்பக் கடினமாக இருந்தால் சினிமா தியேட்டரை நினைத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் திரையிடலுக்கு ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2005-ல் வகுத்த தரம் 2கே, 4கே இரண்டையும் ஏற்கிறது. 2கே என்பது 2048-க்கு 1080. நம் வீட்டு ஃபுல் எச்டியைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இன்றும் பல தியேட்டர்களில் ஓடுவது 2கே புரொஜெக்டர். அவ்வளவு பெரிய திரையில் அதைப் பார்த்துவிட்டு, படம் மங்கல் என்று யாரும் இடைவேளையில் எழுந்து வருவதில்லை.

கண்ணுக்கு அடுத்தது சிக்னல். எத்தனை பிக்ஸல் உள்ள டிவியாக இருந்தாலும் உள்ளே வருவதைத்தான் காட்ட முடியும். 2017-ல் அரசு கேபிள் டிவி நிறுவனம் இலவசமாகக் கொடுத்த செட் டாப் பாக்ஸ்கள் பெரும்பாலும் எஸ்டி. அந்தப் பாக்ஸை 4கே டிவியில் செருகினால் ஒவ்வொரு 20 புள்ளியிலும் ஒன்றுதான் ஸ்டேஷனிலிருந்து வருகிறது. மீதி 19-ஐ டிவியே அனுமானித்து நிரப்பிக்கொள்கிறது. இதன் விளைவைப் பார்க்கச் செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துப் பட்டை போதும். ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, எழுத்தைச் சுற்றி மெல்லிய புகை படிந்ததுபோல் இருக்கும். இது டிவியின் குற்றமல்ல.

சன் டிவியின் எச்டி சேனல் 2011-லேயே வந்துவிட்டது. நம் எச்டி சேனல்கள் 1080 வரிகளில்தான் வருகின்றன. சீரியலையும் செய்தியையும் அன்றாடம் 4கே-யில் ஒளிபரப்பும் தமிழ்ச் சேனல் கிடையாது. ஆகவே கேபிள், டிடிஎச் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு எஸ்டியிலிருந்து எச்டிக்கு மாறுவதுதான் உண்மையான பாய்ச்சல். அதிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. எச்டி பாக்ஸ் இருந்தும், அதை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள பழைய ஏவி வயரில் மாட்டியிருப்பார்கள். அந்த வயரில் எஸ்டி தரம்தான் வரும், எச்டிஎம்ஐ வயர் வேண்டும். எச்டி பேக்குக்குப் பணம் கட்டியும், கைப்பழக்கத்தில் பழைய எஸ்டி சேனல் எண்ணையே அழுத்துவார்கள். இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு வயரின் விலை.

ஓடிடி பார்க்கும் வீட்டுக் கதை வேறு. யூடியூபில் 4கே வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. 2023 ஐபிஎல் ஆட்டங்களை ஜியோசினிமா 4கே-யில் இலவசமாகவே காட்டியது. ஆனால் இங்கே செலவு கடையோடு முடிவதில்லை. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது ஃபுல் எச்டி திட்டத்துக்கு மாதம் 499 ரூபாய், 4கே திட்டத்துக்கு 649 ரூபாய் என்று வைத்தது. அந்த 150 ரூபாய் வித்தியாசம் ஐந்து வருடத்தில் 9,000 ஆகிறது; பல கடைகளில் டிவியின் விலை வித்தியாசமே அவ்வளவு இருக்காது. 4கே-க்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது அந்த நிறுவனம். ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை செலவாகும், ஃபுல் எச்டிக்கு 3 ஜிபி. வீட்டில் ஃபைபர் இருந்தால் கவலையில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருந்தால், தினசரி 2 ஜிபி பேக் டைட்டில் கார்டைத் தாண்டிக் கால்மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இனி சந்தையைப் பார்ப்போம். 32 இஞ்சில் எச்டி ரெடியும் ஃபுல் எச்டியும்தான் பரவலாகக் கிடைக்கின்றன. 4கே தேட வேண்டியதில்லை, அந்த அளவில் அது தேவையுமில்லை. 50 இஞ்சுக்கு மேல் ஏறக்குறைய எல்லாமே 4கே. வேண்டாம் என்றாலும் அதுதான் கிடைக்கும். நிஜமாகவே தேர்வு செய்ய இடமிருப்பது 43 இஞ்சில் மட்டும். 8கே-யைப் பொறுத்தவரை, ஜப்பானின் என்எச்கே 2018 டிசம்பரிலேயே அதில் ஒளிபரப்பத் தொடங்கியும், இங்கே பார்ப்பதற்கு நிகழ்ச்சி இல்லை. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 20,000 ரூபாய் அடிப்படை விலையுள்ள டிவிக்கு இதில் 2,000 மிச்சம். அளவைக் கூட்டலாமா என்று யோசிக்க இது ஒரு காரணம். பிக்ஸலைக் கூட்ட அல்ல.

‘கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேனே, 4கே தெளிவாகத்தான் இருந்தது’ என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அங்கே ஓடுவது தேன் சொட்டும், கிளி சிறகடிக்கும் டெமோ வீடியோ. நாம் நிற்பது மூன்றடி தூரத்தில். தவிர, 4கே மாடல்களுக்குக் கம்பெனிகள் பெரும்பாலும் நல்ல பேனலையும் வேகமான பிராசஸரையும் கொடுக்கின்றன. நம் கண் மெச்சுவது அந்த ஒளியையும் கறுப்பின் ஆழத்தையும்தான். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் என்ற முத்திரையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திரையின் ஒளியை நிட் என்ற அலகில் அளப்பார்கள்; எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட் அல்லது அதற்கு மேற்பட்ட ஒளிக்குத் தயாரிக்கிறார்கள். மலிவான 4கே டிவிகள் பல 250, 300 நிட்டைத் தாண்டுவதில்லை. முத்திரை இருக்கும், பலன் இருக்காது. கடையில் டெமோவை நிறுத்தச் சொல்லி, செட் டாப் பாக்ஸில் நீங்கள் தினமும் பார்க்கும் சேனலைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் உட்காரும் தூரத்துக்குப் பின்னால் போய் நின்று, பிறகு பக்கவாட்டிலும் நகர்ந்து பாருங்கள். ஓரத்தில் உட்காரும் பாட்டிக்கு நிறம் வெளுத்துத் தெரிகிறதா என்பது பிக்ஸலைவிட முக்கியம்.

இவ்வளவும் சேர்ந்தால் முடிவு எளிது. ஹாலில் 9 அடிக்கு மேல் தூரம், வீட்டில் கேபிள்தான் என்றால் 43 இஞ்ச் ஃபுல் எச்டி தாராளமாகப் போதும். அதே தூரத்தில் ஓடிடியும் கிரிக்கெட்டும் அதிகம் என்றால் 43-ல் 4கே தேடுவதைவிட 55-க்கு ஏறுவது மேல். 4கே அதோடு தானாக வந்துவிடும். பிள்ளைகள் டிவியைக் கம்ப்யூட்டருக்கு மானிட்டராகவோ வீடியோ கேமுக்கோ நாலடியில் வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்றால் 43-லும் 4கே-யே வாங்குங்கள். இந்த மூன்றிலும் சேராதவர்கள் விலைச்சீட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம். வித்தியாசம் இரண்டாயிரத்துக்குள் என்றால் 4கே எடுப்பதில் நட்டமில்லை. ஐயாயிரத்தைத் தாண்டினால் அந்தப் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்கிவிடலாம். மெல்லிய டிவிகளின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்பீக்கரில் வசனம் புரியாமல் வால்யூமைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, 83 லட்சம் பிக்ஸலைவிட அதுதான் தினமும் உபயோகப்படும்.