ஐந்து கம்ப்யூட்டர், ஒரு டேப், ஒரு நோயாளி

1/
போன மாதம் ஓர் அம்மா வந்தாங்க. நுரையீரலில் சின்னதா ஒரு கட்டி. மூணு வருஷம் முன்னாடி வேறொரு இடத்தில் சிடி ஸ்கேன் எடுத்திருக்காங்க. அந்தப் படம் கிடைத்தால் போதும். ரெண்டு வருஷத்துக்கு மேல் வளராத திடமான சின்னக் கட்டி பெரும்பாலும் ஆபத்தில்லாதது. "பயப்படாதீங்கம்மா"ன்னு அன்னைக்கே அனுப்பியிருப்பேன்.

2/
ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டோம். "ஹார்டு டிஸ்க் போயிடுச்சு டாக்டர். பேக்கப் டேப் இருக்கு, ஆனா அதுலேருந்து எடுக்க வரலை." இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த த்ரெட். கம்ப்யூட்டர் ஆளுங்க தப்பிருந்தா திருத்துங்க.

3/
"இந்தக் காலத்துல டேப்பா?"ன்னு சிரிக்காதீங்க. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02% பேரின் மெயில் காணாமல் போனது. கூகுள் பல இடங்களில் வைத்திருந்த நகல்களிலும் அதே கோளாறு. கடைசியில் மீட்டது டேப்பிலிருந்துதான். காரணம் எளிது: அலமாரியில் கிடக்கிற டேப்பை எந்த மென்பொருளும் தொட முடியாது. வைரஸும்தான்.

4/
2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கினதும் ஞாபகம் இருக்கும். நாட்டின் பெரிய மருத்துவமனை, நாள்கணக்கில் பேனா பேப்பரில் ஓடியது.

5/
சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு சின்ன மருத்துவமனையில் ரிசப்ஷன், லேப், ஸ்கேன், பார்மசி, பில்லிங்னு ஐந்து கம்ப்யூட்டர். டேப் டிரைவ் ஒண்ணுதான். ஐந்தையும் எப்படி ஏற்றுவது?

6/
டேப் நிற்காமல் ஓடணும். எல்டிஓ-8 டிரைவ் விநாடிக்கு 360 எம்பி வரை எழுதும். சாதாரண கிகாபிட் நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் அனுப்புவது அதிகபட்சம் 110 எம்பி சுமார். டிரைவ் ஓரளவு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுக்கும் கீழே போனால் டேப் நிற்கும், பின்னால் சுற்றும், மறுபடி கிளம்பும். நேரமும் போகும், டேப்பும் தேயும்.

7/
அதனால் ஐந்து கம்ப்யூட்டரையும் ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லி, துண்டு துண்டாக மாற்றி மாற்றி ஒரே டேப்பில் எழுதுவாங்க. மல்டிபிளெக்ஸிங். எழுதும்போது ஜோரா இருக்கும். எடுக்கும்போதுதான் வினை.

8/
ஐந்து நோயாளிகளோட மாத்திரையை ஒரே கவரில் கொட்டின மாதிரி. ஒருத்தர் மாத்திரை வேணும்னா எல்லாத்தையும் கொட்டிப் பொறுக்கணும். எது யாருடையதுன்னு சொல்லும் சீட்டும் தொலைந்துவிட்டால்?

9/
அங்கே நடந்தது அதுதான். டேப்பில் எது எங்கே இருக்குன்னு சொல்லும் பட்டியல், செத்துப்போன அதே டிஸ்க்கில்தான் இருந்தது.

10/
என் கருத்து: பேக்கப் எவ்வளவு சீக்கிரம் முடியுதுங்கிறதைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீங்க. திரும்ப எடுக்க எவ்வளவு நேரமாகும்னு பாருங்க. ஐந்து கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் முதலில் ஒரு பெரிய டிஸ்க்கில் கொட்டட்டும். அங்கிருந்து ஒவ்வொன்றாக, முழு வேகத்தில், டேப்புக்குப் போகட்டும். அமாண்டா என்கிற இலவச மென்பொருள் தொண்ணூறுகளிலிருந்தே இப்படித்தான் செய்யுது. பாகுலாவிலும் வழி இருக்கு.

11/
"கூடுதலா ஒரு டிஸ்க் வாங்கணுமே டாக்டர்"னு கேட்பாங்க. ஆமா, செலவுதான். ஜெனரேட்டரும் செலவுதான். அது இல்லாம ஆபரேஷன் தியேட்டர் நடத்துவீங்களா?

12/
பட்டியலின் நகலை வேறிடத்தில் வையுங்க. ஒரு டேப் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய ஃபைலை டேப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், எக்ஸ்பயரி பார்க்காத மருந்து மாதிரி. அவசரத்துக்கு நம்ப முடியாது.

13/
நோயாளிகளுக்கு: உங்க ஸ்கேன் சிடி, ரிப்போர்ட் ரெண்டையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமா வையுங்க. உங்க பேக்கப் நீங்கதான்.

14/
அந்த அம்மாவுக்கு மூணு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கேன். அநேகமா ஒண்ணும் இருக்காது. ஆனா அந்த மூணு மாதம் அவங்க நிம்மதியா தூங்க மாட்டாங்க. அதை எந்த டேப்பிலிருந்தும் திருப்பிக் கொடுக்க முடியாது.