பூட்டிய அலமாரியும் ஒரு துளி நீரும்

தாபோடியில் பவனா ஆறு முளா ஆற்றுடன் கலக்கின்றது. அந்நீரின் ஒரு துளியில் நீந்தும் நுண்ணுயிர்களை நம்முள் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? பல பள்ளிகளில் நுண்ணோக்கி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றது. உடைந்துவிடும் என்னும் அச்சமே காரணம். அதனை மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பேன். முறையறிந்தோர் கையில் அது உடையாது.

கூட்டு நுண்ணோக்கியில் முதலில் குறைந்த உருப்பெருக்கமுள்ள பொருளருகு லென்சையே பயன்படுத்துதல் வேண்டும். பக்கவாட்டில் பார்த்தவாறே லென்சையும் கண்ணாடித் தகட்டையும் நெருங்கச் செய்க. பின்னர்க் கண்ணருகு லென்சு வழியே நோக்கி, இரண்டையும் மெல்ல விலக்கிக்கொண்டே உருவைத் தெளிவாக்குக. நோக்கியவாறு நெருக்கினால் தகடு நொறுங்கும். இளமையில் நானும் ஒன்றை நொறுக்கியிருக்கிறேன்!

விலையுயர்ந்த எலக்ட்ரான் நுண்ணோக்கி இருந்தால்தான் ஆய்வு என்று எண்ணற்க. அதனுள் இருப்பது வெற்றிடம். நீந்தும் உயிரை அங்கு உயிரோடு காண்டல் அரிது. மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ் தம் குழுவினருடன் 2014இல் அறிமுகப்படுத்திய ‘ஃபோல்டுஸ்கோப்’ தாளை மடித்துச் செய்யப்படுவது. சிறு லென்சு ஒன்றே அதில் உண்டு. 140 மடங்கு பெரிதாக்கும். ஒரு துளி நீரைக் காண அதுவே போதும். ஆனால் ஆற்றங்கரைக்குத் தனியே செல்லாதீர். பெரியவர் நீரை எடுத்துத் தரட்டும். பார்த்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.