கேரவன் வண்டியும் மோதற் பாதுகாப்பும்

பெரிய வண்டியில் ஏறியவருக்கு அச்சமில்லை என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி ஆகியவற்றுடன் சிறு வீடொன்று சக்கரங்களின் மேல் ஓடுவது போன்ற கேரவன் வண்டியைக் குறித்தும் பலர் அவ்வாறே கருதுகின்றனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலமாக வழக்கிலுள்ள இவ்வண்டி, 2021-ஆம் ஆண்டில் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்த பின் இந்தியாவிலும் பேசுபொருளாகிவிட்டது. ஆகவே, மோதல் நேருங்கால் இவ்வண்டி தன்னுள் இருப்போரை எவ்வளவு காக்கும் என்று ஆராய்தல் காலத்திற்கேற்றதே.

எடை ஓரளவு பாதுகாப்பளிப்பது உண்மை; ஆனால் அது எதிரே வருவதைப் பொறுத்தது. 4,000 கி.கி. எடையுள்ள கேரவனும் 1,000 கி.கி. எடையுள்ள காரும் தத்தம் வழியில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்து, நேருக்கு நேர் மோதிப் பிணைந்துவிடுவதாகக் கொள்ளலாம். உந்தம் மாறா விதியின்படி இரண்டும் சேர்ந்து, கேரவன் சென்ற திசையில் 30 கி.மீ. வேகத்துடன் நகரும். கேரவனின் வேகத்தில் ஏற்பட்ட மாறுதல் 20 கி.மீ.; காருக்கு நேர்ந்ததோ 80 கி.மீ. இம்மட்டில் நிறுத்திக்கொண்டால் கேரவன் ஒரு கோட்டை எனத் தோன்றும். எதிரே வருவது 16,000 கி.கி. எடையுள்ள லாரியாயின் கணக்கு தலைகீழாகிறது. அந்த 80 கி.மீ. மாறுதல் கேரவனுக்கே வந்து சேர்கிறது. சாலையோரத்துப் புளியமரத்தில் மோதினாலோ எடையினால் ஒரு சலுகையும் இல்லை. அதே வேகத்தில் வரும் காரைப் போல் நான்கு மடங்கு இயக்க ஆற்றலை வண்டியின் முற்பகுதி நசுங்கித் தாங்க வேண்டியதாகிறது. மேனிலைப் பள்ளி மாணவர்க்கு உந்தத்தை விளக்கும் ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆகவே, காப்பது எடையன்று, அமைப்பே. முன்னும் பின்னும் நசுங்கிக் கொடுக்கவும் நடுவிலுள்ள கூடு குலையாது நிற்கவும் வேண்டும் என்ற தத்துவத்தை, ஆஸ்திரியாவில் பிறந்த பொறியியலறிஞர் பேலா பாரெனி 1951-இல் காப்புரிமைக்கு அளித்தார். இன்றைய கார்கள் அதன்வழியே அமைக்கப்படுகின்றன. கேரவனில் இந்நெறி ஓட்டுநர் அறையோடு நின்றுவிடுவதுண்டு. அதன் பின்னுள்ள வீட்டுப் பகுதியைப் பெரும்பாலும் வேறொரு கூடு கட்டுவோர் செய்கின்றனர். நுரைப்பலகையின் இருபுறமும் அலுமினியத் தகட்டையோ கண்ணாடிநார்த் தகட்டையோ ஒட்டி, இடையிடையே மரச்சட்டங்களைச் செருகிச் சுவராக்குவது பரவலான முறை. வெயிலையும் குளிரையும் தடுப்பதற்கு இது மிக ஏற்றது; உருளும் வண்டியின் கூரையைத் தாங்குவதற்கு ஏற்றதன்று. ஆலையில் செய்த எஃகு வேனை உட்புறத்தில் மட்டும் மாற்றி வீடாக்கிய வண்டி இவ்வகையில் மேலானது. ஏனெனில், முன்முதல் பின்வரை எஃகுக் கூடு அதற்கு எஞ்சியிருக்கிறது. வெற்றுச் சேஸிஸின் மேல் முகப்பு முதற்கொண்டு கூடு கட்டுவோரே அமைக்கும் பெருவண்டி காட்சிக்குக் கம்பீரமானது. ஆனால் மூல ஆலையின் சோதிக்கப்பட்ட ஓட்டுநர் அறையை அது இழந்துவிடுகிறது.

இனி, உள்ளிருக்கும் பொருள்கள். 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நொடியில் பத்திலொரு பங்கில் நிற்குமாயின், உள்ளேயுள்ள ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசையுடன் முன்னோக்கித் தள்ளப்படும். 14.2 கி.கி. எரிவாயு நிரம்பிய சமையல் உருளை, இரும்பின் எடையும் சேர ஏறத்தாழ 30 கி.கி. இருக்கும். அதனைப் பிடித்து நிறுத்த 420 கி.கி. எடைக்கு ஈடான விசை வேண்டும். இரண்டு மரத்திருகாணிகள் இதற்குப் போதா. படுக்கையில் உறங்கும் பிரயாணியின் நிலையும் உருளையின் நிலையே. தாயின் மடியிலுள்ள 10 கி.கி. குழந்தை அந்த நொடியில் 140 கி.கி. ஆகிவிடுகிறது, எந்தத் தாயின் கைக்கும் அவ்வளவு வலிமையில்லை.

பக்கவாட்டில் பார்த்து அமரும் நீள் இருக்கையும் ஐயத்திற்குரியதே. இருக்கைப் பட்டை அணிந்தாலும் அது இடுப்பைப் பிடிக்குமேயன்றி, உடல் பக்கமாக வளைவதைத் தடுக்காது. கழுத்தும் முதுகெலும்பும் அச்சுமையை ஏற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2007 அக்டோபர் முதல் புதிய கேரவன்களில் இத்தகைய இருக்கையைப் பிரயாண இருக்கையாக வைப்பதை விலக்கியது காரணமின்றியன்று.

இந்தியாவில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் என்கேப் மோதற் சோதனைத் திட்டம் 3.5 டன்னுக்கு உட்பட்ட பிரயாணிக் கார்களுக்கே உரியது. பெருங் கேரவன்கள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. கேரவன் அமைப்புக்கெனத் தனி வாகனத் தரம் உண்டெனினும், வீட்டுப் பகுதியை மோதிப் பார்த்து நட்சத்திரம் வழங்கும் ஏற்பாடு இல்லை. ஆண்டுக்குச் சில வண்டிகளே செய்யும் சிறு பட்டறை ஒரு முழு வண்டியை மோதவிட்டு அழிக்க இயலாது என்பர். அது நியாயமே. ஆனால் முழு வண்டியை அழிக்கத் தேவையில்லை. இருக்கைச் சட்டத்தையும் அதைத் தரையோடு பிணைக்கும் ஆணிகளையும் மட்டும் இழுவைப் பொறியில் பூட்டி, உரிய விசையில் இழுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும். அதற்காகும் செலவு உள்ளலங்காரச் செலவின் முன் பெரிதன்று. எந்தெந்த இருக்கை ஓட்டத்தின்போது அமரத்தக்கது, எது நின்றபின் மட்டுமே பயன்படுத்தத்தக்கது என்பதை வண்டியினுள்ளே எழுதி ஒட்டச் செய்வதற்கோ செலவே இல்லை.

இவ்வாராய்ச்சி சுற்றுலாச் செல்வோருக்கு மட்டும் உரியதென எண்ணலாகாது. கல்கத்தாவிலுள்ள பிர்லா தொழில்நுட்பக் காட்சிசாலை 1965-இல் தொடங்கிய நடமாடும் விஞ்ஞானக் காட்சி முதல், இன்றைய நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி, பரிசோதனைக்கூட வண்டி வரை யாவும், சேஸிஸின் மேல் கூடு கட்டி நிலையடுக்குகளைப் பொருத்திய வண்டிகளே. நுண்ணோக்கிப் பெட்டியும் மின்கலமும் குளிர்பெட்டியும் நிறைந்த அவற்றின் பின்பகுதியில் களப்பணியாளர் மணிக்கணக்கில் பிரயாணம் செய்கின்றனர். அத்தகைய வண்டிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகம், அடுக்குகளின் எண்ணிக்கையையும் வண்ணத்தையும் குறிப்பதோடு, பிரயாண இருக்கை ஒவ்வொன்றும் முன்னோக்கியோ பின்னோக்கியோ அமைந்து, மூன்றிடத்தில் பிணைத்த பட்டையுடன் சேஸிஸோடு இணைந்திருத்தல் வேண்டும் என்னும் ஒரு வரியையும் சேர்த்து எழுதலாம்.