யாரைக் கேட்டுப் போன?

செமஸ்டர் ரிசல்ட் எப்படி? சரி சரி, முறைக்காதீங்க. எனக்கும் அதே கதைதான். அந்த மேட்டரை விட்டுடுவோம். இந்த வாரம் எங்க ஆயா பத்திப் பேசலாம். (தெற்கத்தி வாசகர்களுக்கு: எங்க ராணிப்பேட்டைப் பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம்!)

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மதியம் பன்னண்டு மணிக்கு நான் தூங்கி எழுந்தா, வீடே அல்லோலகல்லோலம். ஆயாவைக் காணோம்! காலையில எட்டு மணிக்குக் கடைக்குப் போறேன்னு கிளம்பினவங்க. செல்போன் டி.வி. பக்கத்துல சார்ஜ்ல கிடக்கு. அப்பா பைக்கை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரின்னு சுத்தறார். அம்மா சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு, அழாத குறை. நானும் பாலாத்துப் பாலம் வரைக்கும் போய்த் தேடிட்டு வந்தேன்.

சாயங்காலம் அஞ்சரைக்கு ஆயா சாவகாசமா வந்தாங்க. தலையில துளசி, ஒரு கையில மஞ்சப்பை, இன்னொரு கையில பொரிப் பொட்டலம். "சோளிங்கர் போய்ட்டு வந்தேண்டா. ரோப் கார்ல ஏறி சாமி பார்த்தேன்!"

அப்பாவுக்கு வந்ததே கோபம். "யாரைக் கேட்டுப் போன?"

ஆயா ஒண்ணும் பேசலை. பொரியை என் கையில கொடுத்துட்டு உள்ளே போய்ப் படுத்துட்டாங்க. நானும் சும்மா இல்லாம, "இந்த வயசுல தனியா எதுக்கு ஆயா ஊர் சுத்தற?"னு என் பங்குக்கு ஒரு டயலாக் விட்டேன்.

ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சது. போன மாசம் 'ப்ராஜெக்ட் வொர்க்'னு வீட்ல சொல்லிட்டு, நாலு பசங்களோட பாண்டிச்சேரி பீச்சுல கிடந்தது யாரு? அடியேன்தான். எனக்கு 20 வயசு, ஆயாவுக்கு 66. ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டுத்தான் போனோம். என்னை ஒருத்தரும் கேள்வி கேக்கலை.

மறுநாள், "சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல ஆயா?"ன்னு கேட்டேன்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

செம பல்பு!

எங்க ஆயா 22 வருஷம் ஷூ கம்பெனியில அப்பர் தைச்சவங்க. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துல பாதி வீடுகள்ல இப்படி ஒரு ஆயாவோ, அத்தையோ இருப்பாங்க. விடிஞ்சா கம்பெனி வேன், அடைஞ்சா கம்பெனி வேன். அவங்க பார்த்த ஊர் அவ்வளவுதான். "நான் தைச்ச செருப்பெல்லாம் ஜெர்மனி போச்சு, இத்தாலி போச்சு. நான் காட்பாடி தாண்டலைடா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. நானும் ஜோக்குன்னு நினைச்சு இத்தனை வருஷமா சிரிச்சிருக்கேன்.

பி.எஃப். பென்ஷன் அவங்களுக்கு மாசம் ஆயிரத்துச் சொச்சம். (குறைந்தபட்சம் ரூ.1,000-னு 2014-ல நிர்ணயிச்சது.) அதுல மாத்திரை, வெத்தலை போக என்ன மிஞ்சும்? எங்கேயாவது போகணும்னா அப்பாகிட்ட கை நீட்டணும். நீட்டினா, 'எதுக்கு, எங்கே, யார்கூட'ன்னு மூணு கேள்வி வரும். அதனாலயே கேக்காம இருந்திருக்காங்க.

2021 மே மாசம் தமிழ்நாட்டுல சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆச்சு. நாம அதை வச்சு எவ்வளவு மீம்ஸ் போட்டோம்! ஆனா ஆயாவுக்கு அது வேற விஷயம். முதல்ல வாலாஜா, அப்புறம் ஆற்காடு. வேலை ஒண்ணும் கிடையாது. ஜன்னலோரம் உக்காந்து பாலாறைப் பார்த்துட்டுத் திரும்பி வர்றது. யார்கிட்டயும் காசு கேக்காம போய் வந்த முதல் பயணமே அதுதானாம். இங்கிலாந்துல 2008-லேருந்தே வயசானவங்களுக்கு நாடு முழுக்க லோக்கல் பஸ் இலவசம். அங்கேயும் இப்படி ஜன்னலோர ஆயாக்கள் இருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு நானும் கூடவே கிளம்பினேன். வாலாஜாவில பஸ் மாறி சோளிங்கர், அங்கேருந்து ஷேர் ஆட்டோவில கொண்டபாளையம். பெரிய மலைக்கு 1,305 படி. 2024 மார்ச்சுல ரோப் கார் வர்ற வரைக்கும் முட்டி வலிக்காரங்களுக்கு டோலிதான் கதி. இல்லேன்னா கீழேயே நின்னு ஒரு கும்பிடு.

ரோப் கார் கிளம்பினதும் பயத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டது நான். ஆயா ரப்பர் செருப்புக் காலை ஆட்டிக்கிட்டு, கீழே தெரியற படிக்கட்டைக் காட்டினாங்க. "உங்கப்பனுக்கு மொட்டை அடிக்க, இடுப்புல தூக்கிக்கிட்டு இதுலதாண்டா ஏறினேன். பாதி வழியில குரங்கு தேங்காயைப் பிடுங்கிடுச்சு. உங்கப்பன் என்னா அழுகை!"

வீட்டுக்கு வந்ததும் இதை அப்பாகிட்ட அப்படியே ஒப்பிச்சேன். அவர் ரொம்ப நேரம் பேசலை. ரெண்டு நாள் கழிச்சு, கழுத்துல மாட்டிக்கிற செல்போன் பை ஒண்ணு வாங்கிட்டு வந்தார். "எங்க போறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போம்மா."

கேட்டுட்டுப் போறதுக்கும் சொல்லிட்டுப் போறதுக்கும் எவ்வளவு வித்தியாசம், கவனிச்சீங்களா? நாமெல்லாம் பதினெட்டு வயசுல சண்டை போட்டு வாங்கினது அதைத்தானே! அவங்களுக்கு அது 66 வயசுல கிடைச்சிருக்கு.

ஆயாவோட அடுத்த பிளான் ராயபுரம். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ராயபுரத்துல கிளம்பி நம்ம வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்ததுன்னு தெரியாத்தனமா சொல்லிட்டேன். "அப்ப அந்த ஸ்டேஷனைப் பார்த்தே ஆகணும்"னு ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. 58 வயசு தாண்டின பெண்களுக்கு ரயில் டிக்கெட்ல இருந்த பாதி சலுகையை 2020 மார்ச்சுல நிறுத்திட்டாங்க. அதனால இந்த மாசம் என் பாக்கெட் மணியில ரெண்டு பரோட்டா கட்.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க ஆயாவையோ, அப்பத்தாவையோ, அம்மாச்சியையோ பக்கத்துல உக்கார வச்சு, "எங்க போகணும்னு ஆசை?"ன்னு கேட்டுப் பாருங்க. காசியெல்லாம் இல்லை பாஸ்... பெரும்பாலும் ரெண்டு பஸ் மாறிப் போற தூரம்தான் இருக்கும்!