வெளிக்காற்று சுமையா?

ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் கேட்கும் என்பதை, அதை எழுப்பும் முன்பே கணினியில், ஆண்டின் 8,760 மணிநேரத்துக்கும் கணித்துவிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்கச் சுமார் 1.2 கிலோஜூல் வேண்டும். எனவே குளிர்நாடுகளில், உள்ளே நுழையும் வெளிக்காற்று ஒரு சுமை. சன்னலை இறுக அடைப்பதே சிக்கனம்.

திருவண்ணாமலையில் சூடேற்றும் சுமை அநேகமாகப் பூச்சியம். இங்கே சித்திரை நண்பகலில் வெளிக்காற்று பகை. விடியற்காலையில் அதுவே மருந்து. பகலெல்லாம் வெயில் குடித்த சுவரின் சூட்டைக் கூலி கேளாமல் சுமந்து செல்வது அதுதான். முற்றம் வைத்துக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். 2018-ல் வெளியான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற மத்திய அரசின் நெறிமுறையும், வெப்ப ஈரப்பத மண்டலத்து வீடுகளில் திறக்கக்கூடிய சன்னல்களின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது.

குற்றம் மென்பொருளுடையதன்று. மணிக்கு மணி சன்னலைத் திறந்து மூட அதற்குக் கற்பிக்கலாம். நாள் முழுதும் ஒரே அளவு காற்று என்று எழுதிக் கொடுப்பவர்கள் நாம்தான். விளைவு, அடைத்த அறையும் ஓயாத குளிர்சாதனமும்.

கிரிவலம் வருகிறவர் அறிந்த பின்னிரவுக் காற்றைக் கணக்கெழுதுபவரும் அறிந்திருக்க வேண்டாமா?